இந்த ராடு இந்த எஞ்சினுடையது இல்லை

ஒரு நீராவி எஞ்சினின் நம்பர் அதன் எந்தப் பகுதிக்குச் சொந்தம் என்று கேட்டால், ரயில்வேக்காரர்கள் ஃபிரேமுக்கு என்பார்கள். பாய்லருக்குக் கீழே, முன்னாலிருந்து பின்னால்வரை ஓடுகிற அந்த இரும்புச் சட்டம்தான் எஞ்சின். மற்றதெல்லாம் வந்து போகிறவை. பாய்லர் ஒரு எஞ்சினிலிருந்து வந்திருக்கும், நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டர் இன்னொன்றிலிருந்து, சக்கரத்தைச் சுழற்றுகிற ராடு மூன்றாவதிலிருந்து. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. எஞ்சின் பீடத்தில் ஏறிப் பக்கத்தில் ஒரு பலகை நட்ட பிறகுதான், மொத்த உடம்புக்கும் சேர்த்து ஒரே பிறந்த வருஷத்தை எழுதிவிடுகிறோம்.

நான் டெல்லியில் ஒரு அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு ஆர்.கே.புரத்தில். சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகம் அங்கிருந்து பக்கம்தான். திங்கட்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் திறந்திருக்கும். பேரப் பிள்ளைகளைக் குட்டி ரயிலில் ஏற்றிவிட்டு, அது சுற்றி வருவதற்குள் நான் எஞ்சின்களைச் சுற்றி வருவேன். 1895இல் அஜ்மீர் ஒர்க்‌ஷாப்பில் கட்டிய எஃப் 734 அங்கே நிற்கிறது. பட்டியாலாவின் ஒற்றைத் தண்டவாள ரயில் நிற்கிறது. எனக்கு எஞ்சின் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் ஒரு பொருள் எந்தக் கணக்கில் வந்தது, எந்தக் கணக்கில் போனது என்று தேடுகிற பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது.

மலை மந்திர் முருகன் கோயிலில் பழக்கமான ஒரு பெரியவர்தான் என்னை இதில் இழுத்துவிட்டார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், இப்போது முனிர்காவில் மகன் வீட்டில் இருக்கிறார். ஊட்டி ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள் ஓவர்ஹாலுக்கு வருவது பொன்மலைக்குத்தான். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1914 முதல் கட்டி அனுப்பப்பட்ட நாலு சிலிண்டர் எஞ்சின்கள் அவை. உலகத்திலேயே அந்த மாதிரி எஞ்சின் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் என்பதால், ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் போவது அங்கே அன்றாட நடப்பு. “எந்த எஞ்சின்ல எது ஒரிஜினல்னு கேட்டா, போர்மேனே சிரிப்பாரும்மா” என்பார்.

டெல்லியை ஒட்டிய ஒரு வளாகத்தில் ஒரு ஒய்.பி. எஞ்சின் நிற்கிறது. புதுப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அதன் பாகங்களையெல்லாம் எழுதி வைக்க ஆள் தேடினார்கள். பெரியவர் போனார், எழுதுவதற்கு என்னையும் கூட்டிக்கொண்டார். அது எந்த வளாகம், எஞ்சின் நம்பர் என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை. எந்த எஞ்சினில் இன்னும் பித்தளை மிச்சம் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது காயலான் கடைக்கு வழி சொல்வதற்குச் சமம்.

ஒய்.பி. என்பது மீட்டர் கேஜ் பாசஞ்சர் எஞ்சின். 1949 முதல் 1970 வரை 871 எஞ்சின்கள் கட்டினார்கள். பெரும்பகுதி ஜாம்ஷெட்பூர் டெல்கோவில். நம் பக்கம் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று மீட்டர் கேஜில் பயணம் செய்த என் வயதுக்காரர்கள் இதன் புகையைக் கட்டாயம் விழுங்கியிருப்பார்கள். டெல்லி சராய் ரோகில்லாவிலிருந்து ரேவாடி போன மீட்டர் கேஜிலும் இதே எஞ்சின்தான். இதற்கு ஒய்.ஜி. என்று ஒரு சரக்கு வண்டிக்காரத் தம்பி உண்டு. அதில் 1074. இரண்டுக்கும் பாய்லர் ஒன்றே. ஒய்.பி.க்குச் சக்கரம் 54 அங்குலம், ஒய்.ஜி.க்கு 48 அங்குலம். பெரியவர் சொன்னது: “அண்ணன் சட்டை தம்பிக்குச் சரியா இருக்கும், செருப்பு மட்டும் சேராது.”

எதைத் தேடுவதற்கு முன்னாலும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு எது போக முடியும்? ஒய்.பி.யில் மூன்று ஜோடி ஓட்டுச் சக்கரம், ஒய்.ஜி.யில் நாலு ஜோடி. சிலிண்டரின் குறுக்களவு ஒய்.பி.க்கு 15¼ அங்குலம், ஒய்.ஜி.க்கு 16¼. ஆகவே சக்கரங்களை இணைக்கிற ராடும் பிஸ்டனும் மாறாது. பாய்லரும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிற வால்வுகளும் தாராளமாக மாறும். பிராட் கேஜிலும் இதே ஏற்பாடுதான்: பாசஞ்சர் எஞ்சினான டபிள்யூ.பி.க்கும் சரக்கு எஞ்சினான டபிள்யூ.ஜி.க்கும் ஒரே பாய்லர். டபிள்யூ.பி. அமெரிக்கா, கனடா, ஸ்காட்லாந்து, போலந்து, ஆஸ்திரியா, சித்தரஞ்சன் என்று பல இடத்தில் கட்டப்பட்டது. போலந்து ஃபிரேமில் வேறொரு நாட்டுப் பாய்லர் உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பாய்லர் ஏன் இப்படி ஊர் சுற்றுகிறது என்பது எனக்கு முதலில் பிடிபடவில்லை. பெரியவர் விளக்கியபோது ஸ்டோர்ஸ்காரிக்குச் சட்டென்று புரிந்தது. ஓவர்ஹாலுக்கு வந்த எஞ்சினில் மிக மெதுவாக முடிகிற வேலை பாய்லர்தான். குழாய் மாற்ற வேண்டும், நெருப்பு எரிகிற ஃபயர்பாக்ஸைச் சுற்றி இருக்கும் ஸ்டே போல்ட்டுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும், தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஃபிரேமும் சக்கரமும் அதற்கு முன்னாலேயே தயாராகிவிடும். அவற்றைக் காத்திருக்க வைத்தால் ஒர்க்‌ஷாப்பில் இடம் அடைபடும். அதனால் முன்பே செப்பனிட்டு வைத்த ஒரு பாய்லரைத் தூக்கி வைத்து எஞ்சினை வெளியே அனுப்பிவிடுவார்கள். கழற்றிய பாய்லர் அடுத்து வருகிற எஞ்சினுக்கு. பாய்லருக்குத் தனி நம்பர், தனி ஏடு எல்லாம் உண்டு. இருப்பில் கூடுதலாக ஒரு பாய்லர் வைத்திருந்தால் எத்தனை எஞ்சின் நாட்கள் மிச்சம் என்பது எளிய கணக்கு.

சரி, நாங்கள் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன். வலது பக்கத்துக் கனெக்டிங் ராடில், அதாவது பிஸ்டனின் தள்ளலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பெரிய ராடில், வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் நாலு இலக்கம் மங்கலாகத் தெரிந்தது. கேபின் பக்கவாட்டில் எழுதியிருந்த நம்பர் அது இல்லை. நான் பரபரத்தேன். பெரியவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“இதுல என்ன அதிசயம்மா? காலையில வண்டி போயாகணும். ஒண்ணுல ராடு கெட்டா, பக்கத்துல நிக்கிறதுல இருந்து கழட்டி மாட்டுவோம். நம்பர் பார்த்தா மாட்டுவோம்? அளவு பார்த்து மாட்டுவோம்.”

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் வேலைக்கு உதவியது. ராடு மாறுவது இரண்டு இடத்தில் நடக்கும். ஒர்க்‌ஷாப்பில் மாற்றினால் நிதானமாக மாற்றுவார்கள், பழைய நம்பரின் மேல் உளியால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் புது நம்பரைப் பஞ்ச் என்கிற இரும்பு அச்சால் அடித்துப் பதிப்பார்கள். எஞ்சின்கள் தங்குகிற ஷெட்டில் ராத்திரியில் மாற்றினால் யாரும் அந்த அச்சைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், பழைய நம்பரோடு அப்படியே ஓடும். கோடு போட்ட நம்பர் இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும் என்றார். இது எல்லா ரயில்வேக்கும் பொருந்தும் விதி என்று நான் சொல்லவில்லை. ஒரு ஃபிட்டரின் அனுபவம். ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் இந்தக் கேள்வியோடு பார்த்ததில் நிறைய வெளியே வந்தது.

பஞ்ச் எழுத்தைப் படிப்பதே ஒரு தனி வேலை. மத்தியான வெயிலில் நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில், இரும்பைத் தடவுகிற மாதிரி விழ வேண்டும். டெல்லியில் டிசம்பர், ஜனவரி காலையில் பனிமூட்டம் விலகியதும் கிடைக்கிற சாய்ந்த வெயில் இதற்கு அருமையானது. வெயில் வராத பக்கத்துக்கு டார்ச்சை இரும்போடு ஒட்டிப் படுக்க வைத்துப் பிடிப்போம். மே மாதத்தில் அந்த எஞ்சின் பக்கமே போகக்கூடாது, தொட்ட கை வெந்துவிடும்.

துரு இருந்தால் உடனே வயர் பிரஷ்ஷை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆழம் குறைந்த எழுத்து அதிலேயே தேய்ந்து போகும். நாங்கள் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்போம். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்தால் பள்ளம் மட்டும் கருப்பாக நிற்கும். இல்லையென்றால் மெல்லிய தாளை வைத்து மெழுகு வண்ணக் குச்சியால் தேய்த்துப் படியெடுக்கலாம். போட்டோவைவிடத் தாள்ப் படியையே நான் நம்புகிறேன். அளவு மாறாமல் வருகிறது, இரண்டு எஞ்சினின் எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே பஞ்ச் செட்டால் அடித்ததா என்பதுகூடச் சில சமயம் தெரிந்துவிடும், உடைந்த 5 எங்கேயும் உடைந்த 5தான்.

தாளில் எது மேல்பக்கம் என்று உடனே குறித்துவிட வேண்டும். 6, 9 தகராறு இதில் ஓயாதது. ராடு கழன்று தரையில் கிடக்கும்போது பஞ்ச் அடிக்கிறவர் எந்தப் பக்கம் நின்றார் என்று நமக்கு எப்படித் தெரியும்? 3, 8, 0 மூன்றும் துருவில் ஒன்றாகிவிடும். அதனால் நானும் பெரியவரும் தனித்தனியாகப் படித்துத் தனித்தனியாக எழுதுவோம், பிறகுதான் ஒப்பிடுவோம். ஒருவர் சத்தமாக “2, 6” என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் கண்ணுக்கும் அதுவேதான் தெரியும். ஸ்டோர்ஸில் சரக்கு எண்ணும்போது லெட்ஜரைக் காட்டாமல் எண்ணச் சொல்வோம், அதே காரணம்தான்.

புதிதாக வருகிறவர்கள் புடைத்து நிற்கிற எண்களைக் கண்டு குதிப்பார்கள். வார்ப்பிலேயே மேடாக வந்த எண் பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண்ணோ டிராயிங் எண்ணோதான், அந்த வகையின் எல்லா எஞ்சினிலும் அதே எண் இருக்கும். நமக்கு வேண்டியது பள்ளமாக அடித்தது. அதோடு இடது, வலது என்பதற்கான எல், ஆர் எழுத்தும் கூட இருக்கும். வலது பக்கத்தில் எல் போட்ட பாகம் மாட்டியிருந்தால் நம்பரே தேவையில்லை, அது தன் இடத்தில் இல்லை.

பெயர்ப் பலகை, கட்டிய கம்பெனியின் தகடு, கேபின் நம்பர், இந்த மூன்றையும்தான் எல்லோரும் முதலில் போட்டோ எடுக்கிறார்கள். என் பதிவேட்டில் அவை கடைசி. எது கழற்ற எளிதோ, அதன் சாட்சி அவ்வளவு பலவீனம். இதற்கு இங்கிலாந்தில் ஒரு பிரசித்தமான கதை உண்டு. வின்ட்சர் காசில் என்ற 4082 எஞ்சின் 1924இல் கட்டப்பட்டது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே அதை ஓட்டிப் பார்த்தார். 1952 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் இறந்தபோது அவருடைய இறுதிப் பயண ரயிலை அந்த எஞ்சின் இழுத்தால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தார்கள். அது அப்போது ஸ்விண்டன் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. 1948இல் கட்டிய பிரிஸ்டல் காசில் 7013 எஞ்சினுக்கு அந்தப் பெயரையும் நம்பரையும் மாட்டி அனுப்பினார்கள். பிறகு திரும்ப மாற்றவே இல்லை. இரண்டும் ஒரே வகைதான், ஆனால் இடையில் 24 வருஷ இடைவெளி. சின்னச் சின்ன வடிவ வித்தியாசங்களை வைத்து ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு முன் 1933இல் ராயல் ஸ்காட் 6100 அமெரிக்கா, கனடா சுற்றுப்பயணத்துக்குப் போனதும் இப்படித்தான், போனது உண்மையில் 6152. தகடு பேசியது ஒன்று, இரும்பு பேசியது வேறு.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். சுதந்திரத்துக்கு முன் கட்டிய எஞ்சின்களுக்குப் பழைய கம்பெனி நம்பர் ஒன்று இருந்தது. 1957 வாக்கில் அகில இந்திய அளவில் ஒரே வரிசையில் புது நம்பர் கொடுத்தார்கள். ஆகவே ஒரே எஞ்சினின் சொந்தப் பாகத்திலேயே இரண்டு நம்பர் இருக்கலாம், ஒன்றில் கோடும் போட்டிருக்கலாம். அதைப் பார்த்துப் பாகம் மாறிவிட்டது என்று முடிவு கட்டினால் தப்பு. எங்கள் ஒய்.பி.க்கு இந்தத் தொல்லை இல்லை.

நம்பரே இல்லாத பாகங்களும் நிறைய. அங்கே போல்ட்தான் சாட்சி. ஒய்.பி. போன்ற எஞ்சின்களின் மரைகள் பழைய அங்குலக் கணக்கு, விட்வொர்த் என்கிற பிரிட்டிஷ் மரை. இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறச் சட்டம் போட்டது 1956இல். ஆனாலும் அந்த டிசைன்கள் அங்குலத்திலேயே தொடர்ந்தன. ஒரு பிராக்கெட்டை மில்லிமீட்டர் ஸ்பானர் கச்சிதமாகப் பிடித்தால், அந்த போல்ட் பெரும்பாலும் பீடத்தில் ஏற்றிய பிறகு வந்தது. மரை அளவி ஒன்று சில நூறு ரூபாய்தான், கரோல் பாக் பக்கத்து டூல் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அடுத்தது பெயிண்ட். நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் உடையாமல் ஒரே படலமாக ஓடுகிற பழைய பெயிண்ட் இருந்தால், அந்தப் படலம் விழுந்த நாளிலிருந்து அந்த நட்டை யாரும் தொடவில்லை. ஓடுகிற காலத்தில் ராடு எண்ணெய் மினுமினுப்போடு வெற்று இரும்பாகத்தான் இருக்கும், வெள்ளியும் சிவப்பும் பூங்கா அலங்காரம். ராடின் மேலே எத்தனை படலம், அதற்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, இதெல்லாம் குறிக்க வேண்டியவை.

ஒரு எச்சரிக்கை. பாய்லரைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகட்டுக்கு உள்ளே நிரப்பியிருப்பது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். கிழிந்த இடத்தில் விரலையோ கம்பியையோ விட்டு நோண்டக்கூடாது. பாய்லர் நம்பருக்காகத் தகட்டைத் தூக்கிப் பார்க்கிற ஆசை எனக்கும் வந்தது. பெரியவர் அதட்டிவிட்டார். பாய்லரின் தகடு கேபின் உள்ளே எட்டிப் பார்க்கிற இடத்தில் இருந்தால் எழுதுவோம், இல்லையென்றால் விட்டுவிடுவோம்.

ராடில் இருந்த நம்பருக்குரிய எஞ்சினும் உயிரோடு இருந்தது. வேறொரு ஊரில், வேறொருவர் பொறுப்பில். தெரிந்தவர்கள் மூலம் விசாரித்து, எழுத்தில் அனுமதி வாங்கிப் போனோம். நம் எஞ்சினின் ராடு அங்கே இருக்கும், கதை அழகாக முடிந்துவிடும் என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அங்கே வலது ராடில் இருந்தது மூன்றாவது ஒரு நம்பர். இடது ராடு மட்டும் அதனுடையது.

அந்தப் பயணத்தில்தான் ரேவாடிப் பக்கத்து ஓய்வுபெற்ற மிஸ்திரி ஒருவரைப் பார்த்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது, நம் பெரியவரின் ஹிந்தி ஆட்டோக்காரரிடம் பேசும் அளவு. இருவரும் பிக் எண்ட், கிராங்க் பின், ரேடியஸ் ராடு, புஷ் என்று பேசிக்கொண்டே போனார்கள், நடுவில் நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. மிஸ்திரி சொன்னதன் சாரம் இது: நீராவியின் கடைசி வருஷங்களில் புதுப் பாகம் வருவது நின்றுபோனது. நிறுத்தி வைத்த எஞ்சின்களிலிருந்து நல்ல பாகத்தை எடுத்து ஓடுகிற எஞ்சினுக்குப் போட்டார்கள். பிராட் கேஜில் 1995 டிசம்பரோடு நீராவி நின்றது, மீட்டர் கேஜில் இன்னும் சில வருஷம் இழுத்தது. அப்புறம் காட்சிக்கு எஞ்சின் வேண்டும் என்று கடிதம் வரும். பாகம் பறிகொடுத்து நிற்கிற எஞ்சினுக்குக் கிடைத்ததை மாட்டி முழுசாகக் காட்டி அனுப்புவார்கள். “திகானா தா பஸ்” என்று கையை விரித்தார். பார்க்க முழுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே மாறிய பாகத்தில் இரண்டு ஜாதி இல்லை, மூன்று. ஒர்க்‌ஷாப்பில் மாறியது, ஷெட்டில் மாறியது, காட்சிக்காக மாட்டியது. மூன்றாவது ஓடவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க நம்பர் உதவாது, தேய்மானம் உதவும். எங்கள் ஒய்.பி.யின் வலது ராடை மறுபடி போய்ப் பார்த்தோம். ராடின் துளைக்குள் இருக்கிற புஷ் வளையத்துக்கும், சக்கரத்தில் ராடு மாட்டுகிற கிராங்க் பின்னுக்கும் நடுவே விரல் நுனி நுழைகிற இடைவெளி. அந்த ஆட்டத்தோடு ஒரு எஞ்சின் ஓடினால் தட்டுகிற சத்தம் அடுத்த ஸ்டேஷனுக்குக் கேட்கும். எண்ணெய்த் துளையில் எண்ணெய் இல்லை, பெயிண்ட்தான் இறங்கியிருந்தது. பின்னின் முகத்தில் இருந்த வாஷர் மில்லிமீட்டர் அளவு. நம்பரில் கோடு இல்லை. நாலும் ஒரே பக்கம் கை காட்டின. இந்த ராடு இந்த எஞ்சினில் ஒரு மைல்கூட ஓடியிருக்காது.

இடது பக்கம் நேர்மாறு. வால்வு கியரில், அதாவது சிலிண்டருக்கு நீராவி விடுகிற வால்வை ஆட்டும் அமைப்பில், இருக்கிற காம்பினேஷன் லீவர் என்ற கம்பியில் மூன்று நம்பர். முதல் இரண்டிலும் உளிக்கோடு, மூன்றாவது நம் எஞ்சினுடையது. பின்கள் கோக்கிற துளைகள் ஒழுங்காகத் தேய்ந்து பளபளப்பாக இருந்தன. ஒர்க்‌ஷாப்பில் முறையாக வந்து, வேலை செய்து தேய்ந்த பாகம். பிறப்பால் இந்த எஞ்சினுடையது இல்லைதான். ஆனால் என்னைக் கேட்டால் வேறு எதைவிடவும் இதுதான் இந்த எஞ்சினுடையது.

இந்த வித்தியாசத்தை எழுதிக் கொடுத்தபோது ஒரு கூட்டம் நடந்தது. இரண்டு எஞ்சின்களின் பொறுப்பாளர்களும் ஒத்துக்கொண்டால் ராடுகளை மாற்றி அவரவருடையதை அவரவருக்குக் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெரியவர் வேண்டாம் என்றார், நானும். மூன்றாவது நம்பர் எஞ்சின் எங்கே என்று தெரியாததால் கணக்கு எப்படியும் நேராகாது என்பது ஒரு காரணம். துருப்பிடித்து இறுகிய பின்னைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், சுத்தியல் பட வேண்டும், அதில் பக்கத்து எழுத்துகள் போகும் என்பது இன்னொன்று. அதைவிட, காட்சிக்காக ராடு மாட்டிய அந்தக் கடைசி ஷெட் வேலையும் நடந்த வேலைதானே. பலகை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதை ஏன் அழிக்க வேண்டும்? ஓட வைக்கப் போகிற எஞ்சினாக இருந்தால் வேறு பேச்சு. 1855இல் லீட்ஸில் கட்டிய ஃபேரி குவீன் எஞ்சினை 1997இல் பெரம்பூரில் செப்பனிட்டு மறுபடி ஓட வைத்தார்கள், அங்கே பாதுகாப்புதான் முதல், புதுப் பாகம் போட்டே ஆகவேண்டும். பீடத்தில் நிற்கிற எஞ்சினுக்கு அந்த அவசரம் இல்லை. ராடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பெயிண்ட் காண்டிராக்டரிடம்தான் நிஜமான போராட்டம். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, பள்ளங்களில் பட்டி பார்த்து, வழவழவென்று அடித்துத் தருவதுதான் அவருக்குப் பெருமை. மணல் பீய்ச்சினால் ஆழமில்லாத பஞ்ச் எழுத்து போச்சு, பட்டி பூசினால் மிச்சமும் போச்சு. நம்பர் இருக்கிற இடங்களில் எல்லாம் தடித்த டேப் ஒட்டி, அங்கே கையால் மட்டும் சுத்தம் செய்வது, பட்டி பூசாமல் மெல்லிய பெயிண்ட் மட்டும் அடிப்பது என்று வேலை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். வாய்ச்சொல்லாகச் சொன்னால் அடுத்த நாள் வருகிற ஆளுக்குத் தெரியாது. நீங்கள் இந்த மாதிரி வேலையில் இறங்கினால், ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் போய்ச் சேருங்கள்.

பதிவேடு பற்றி ஒரு வார்த்தை. பாகம், எந்தப் பக்கம், படித்தது என்ன, கோடு உண்டா, யார் படித்தது, தாள்ப் படியின் எண், இவ்வளவும் ஒரு பக்கம். அதற்கு நாங்கள் சொல்கிற அர்த்தம் எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் நாளைக்கு எது பார்த்தது, எது ஊகித்தது என்று பிரிக்க முடியாது. தெரியாத இலக்கத்துக்குப் புள்ளி வைப்போம், யூகித்து நிரப்புவதில்லை. வெறும் சுத்தமான பாகத்துக்கும் ‘எழுத்து இல்லை’ என்று ஒரு வரி உண்டு. பார்க்கவே இல்லை என்பதும் பார்த்தும் இல்லை என்பதும் கணக்கில் வேறு வேறு.

அந்தக் காம்பினேஷன் லீவரில் கோடு போட்ட முதல் நம்பருக்குப் பக்கத்தில் எஸ், ஆர் என்று இரண்டு எழுத்து இருக்கிறது. தென்னக ரயில்வே என்று நினைக்க மனசு துடிக்கிறது. எதிர்ப்பக்கத்தில் கேள்விக்குறியோடுதான் எழுதி வைத்திருக்கிறேன். பொன்மலையிலோ விழுப்புரத்திலோ மீட்டர் கேஜ் நீராவியில் வேலை பார்த்த அப்பா, தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய பாக்கெட் நோட்டை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஃபிட்டர்கள், சார்ஜ்மேன்கள் பலர் தங்கள் சௌகரியத்துக்காக எந்த எஞ்சினிலிருந்து எதை எடுத்து எதில் போட்டோம் என்று தேதியோடு எழுதி வைத்திருப்பார்கள். ஆபீஸ் ஏடுகள் போன இடம் தெரியாது, இந்த நோட்டுகள் டிரங்குப் பெட்டியில் இருக்க வாய்ப்பு உண்டு. ஒய்.பி. என்று போட்டு நாலு இலக்க நம்பர் எழுதிய பக்கம் கண்ணில் பட்டால், முதலில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துவிடுங்கள், நோட்டின் அட்டையையும் சேர்த்து. எந்த ஷெட், எந்த வருஷம் என்பது அனேகமாக அட்டையில்தான் இருக்கும்.